முதலில் நாற்காலி, அப்புறம் ஸ்பீக்கர்: வீட்டில் 5.1 ஒலியைச் சரியாக அமைப்பது எப்படி

ஹோம் தியேட்டர் வீட்டுக்கு வந்த அன்றைக்கு எல்லோரும் செய்வது ஒன்றுதான். எங்கே இடம் இருக்கிறதோ அங்கே ஸ்பீக்கரை வைப்பது. டிவிக்குக் கீழே ஒன்று, அலமாரி மேல் ஒன்று, சோஃபாவுக்குப் பின்னால் தரையில் இரண்டு. ஒயரை மாட்டிப் படத்தைப் போட்டதும் சத்தம் வரும். வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவோம். ஒரு வாரம் போனால் குறை தெரிய ஆரம்பிக்கும். பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்று வால்யூமைக் கூட்டுவோம். அடுத்த நிமிடமே சண்டைக் காட்சி வந்து வீடு அதிரும். பதறிக் குறைப்போம். படம் முடிகிறவரை ரிமோட் கையிலேயே இருக்கும்.

பெரும்பாலான வீடுகளில் இதற்குக் காரணம் ஸ்பீக்கரின் தரமல்ல. வைத்த இடமும், ரிசீவருக்குள் (எல்லா ஸ்பீக்கரையும் இயக்கும் நடுப்பெட்டி) கொடுத்த அளவுகளும்தான். இரண்டையும் ஒரே நாளில், கூடுதல் செலவில்லாமல் சரிசெய்துவிடலாம். ஒரு இஞ்ச் டேப், நீளமான நூல் கொஞ்சம், முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி, கேமரா ஸ்டாண்ட் ஒன்று, உதவிக்கு ஒரு ஆள். இவை போதும்.

இங்கே 5.1 அமைப்பை வைத்தே சொல்கிறேன். முன்னால் இடது, நடு, வலது என்று மூன்று. பக்கவாட்டில் இரண்டு சரவுண்ட். அந்தப் ‘புள்ளி ஒன்று’ என்பது இடி, வெடிச் சத்தம் மாதிரியான அடி ஒலிக்கென்று படத்திலேயே பதிவாகி வரும் தனித் தடம். அதை ஒலிக்கும் பெரிய பெட்டிதான் சப்வூஃபர். அது 120 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே சுமக்கிறது. முழுத் தடமாக எண்ணாமல் .1 என்று போடுவது அதனால்தான்.

உட்காரும் இடத்தை முடிவு செய்யுங்கள்

ஸ்பீக்கரைத் தொடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். கோணம், தூரம், உயரம் எல்லாமே உங்கள் காது இருக்கும் இடத்திலிருந்துதான் அளக்கப்படுகின்றன. அந்தப் புள்ளி நிலையாக இல்லாவிட்டால் மற்ற எந்த அளவுக்கும் பொருள் கிடையாது.

சோஃபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். அடி ஒலி சுவர் ஓரத்தில் தேங்கும். தலைக்குப் பின்னால் சுவர் இருந்தால் எல்லாமே ‘கும்’ என்று கேட்கும். அறையின் சரிபாதியும் நல்ல இடமல்ல. அங்கே சில அடி ஒலிகள் காணாமலே போய்விடும். பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி என்பது நல்ல தொடக்கம். அவ்வளவு இடமில்லை என்றால் முக்கால் மீட்டராவது முன்னால் இழுத்துப் போடுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

இடம் முடிவானதும் வழக்கம்போலச் சாய்ந்து உட்காருங்கள். விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்து அளந்தால் அளவு தப்பாகிவிடும். உதவிக்கு வந்தவரிடம் தரையிலிருந்து உங்கள் காது வரை அளக்கச் சொல்லுங்கள். சோஃபாவில் இது ஒரு மீட்டருக்கு முன்பின்னாக வரும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி இதைத்தான் ‘காது உயரம்’ என்று சொல்லப்போகிறேன்.

முன்வரிசை மூன்று

இடது, வலது ஸ்பீக்கர்கள் இரண்டும் காதிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். நூல் இதற்குத்தான். ஒரு முனையைத் தலை சாயும் இடத்தில் பிடித்துக்கொண்டு, மறுமுனையை இடது ஸ்பீக்கரின் முகம் வரை கொண்டுபோய் முடிச்சுப் போடுங்கள். அதே நூலை வலப்பக்கம் திருப்பினால், முடிச்சு எங்கே விழுகிறதோ அங்கே வலது ஸ்பீக்கர்.

இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? நேர் முன்னாலிருந்து பக்கத்துக்கு 22 முதல் 30 டிகிரி என்பது சரவுண்ட் ஒலித் தொழில்நுட்ப நிறுவனமான டால்பி தரும் கணக்கு. டிகிரியைக் கையால் அளப்பது கஷ்டம், மீட்டரில் சொல்கிறேன். காதிலிருந்து ஸ்பீக்கர் 3 மீட்டர் தூரம் என்றால், இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே 2.25 மீட்டரிலிருந்து 3 மீட்டருக்குள் இருக்கலாம். 3 மீட்டர் வைத்தால் உங்களோடு சேர்ந்து சமபக்க முக்கோணம் ஆகிவிடும். பெட்டிக்குள் சின்னதாகத் தெரியும், கீச்சொலிகளைத் தரும் ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். இரண்டையும் உங்களைப் பார்த்துக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்புங்கள்.

நடு ஸ்பீக்கரில்தான் கவனம் அதிகம் வேண்டும். படத்தின் பேச்சு முக்கால்வாசி இதிலிருந்துதான் வருகிறது. ஆனால் பல வீடுகளில் இதை டிவி மேசைத் தட்டுக்குள் ஆழமாகத் தள்ளிவிடுகிறார்கள். அங்கிருந்து வரும் குரல் குடத்துக்குள் பேசுவது மாதிரி கேட்கும். ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்புக்கு வரும்படி முன்னால் இழுங்கள், ஒரு விரல் அளவு வெளியே நீட்டியிருந்தாலும் நல்லது. டிவிக்குக் கீழே இருந்தால் முன்பக்க அடியில் ரப்பர் கட்டை ஒன்றைக் கொடுத்து, முகம் உங்கள் காதை நோக்கி நிமிரும்படி சாய்த்து வையுங்கள். சோஃபாவில் உட்கார்ந்து பாருங்கள். ட்வீட்டர் கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் கோணம் சரி.

சரவுண்ட் ஸ்பீக்கர்கள் பின்மூலைக்குப் போக வேண்டியவை அல்ல

‘பின்னால் வைப்பது’ என்று பேர் வாங்கிவிட்டதால் இவற்றை அறையின் பின்மூலைகளில் ஏற்றிவிடுகிறார்கள். 5.1-இல் சரவுண்டுக்கு உரிய இடம் உங்கள் இரு பக்கங்கள். நேர் பக்கவாட்டில், அல்லது அதைவிடச் சற்றே பின்னால். கணக்கில் சொன்னால் முன்னாலிருந்து 90 முதல் 110 டிகிரி. தலையைத் திருப்பாமல் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, கொஞ்சம் பின்னுக்கு இழுங்கள். விரல் காட்டும் திசைதான் அது. முதுகுக்குப் பின்னால் 135 முதல் 150 டிகிரியில் வைப்பது 7.1 அமைப்பில் கூடுதலாக வரும் இரண்டு ஸ்பீக்கர்களை.

உயரம் காது அளவிலோ, அதற்கு மேல் இரண்டடி வரையிலோ இருக்கலாம். சோஃபாவின் ஓரத்தில் உட்காருபவருக்கு ஸ்பீக்கர் மிகப் பக்கத்தில் வந்துவிடும் என்றால் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் படம் முழுக்க அவர் அந்த ஒரே ஸ்பீக்கரைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்.

சப்வூஃபருக்காக ஒரு முறை தவழுங்கள்

அடி ஒலி அறையில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை நீளம் மட்டுமே எட்டரை மீட்டர். உங்கள் அறையே அதைவிடச் சின்னது. அலை சுவரில் மோதித் திரும்பித் தன்னோடு தானே கலக்கும்போது, சில இடங்களில் மலைபோல எழும்பும், சில இடங்களில் அடங்கிப்போகும். எந்த ஒலியில் இது முதலில் நடக்கும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அந்த எண்ணை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுங்கள். 5 மீட்டர் அறைக்கு 34 ஹெர்ட்ஸ், 4 மீட்டருக்கு 43 ஹெர்ட்ஸ்.

அதனால் சப்வூஃபரை எங்கே வைப்பது என்பதைக் கண்ணால் முடிவு செய்ய முடியாது, காதால்தான் முடியும். அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில், சோஃபாவின் மேலேயே வையுங்கள். பேஸ் கிட்டார் வாசிப்பு ஏறி இறங்கி வரும் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். இப்போது அதை வைக்கத் தோதான இடங்களில் எல்லாம், தரையோடு காதைத் தாழ்த்தித் தவழ்ந்து போய்க் கேளுங்கள். மூலையில் சத்தம் திரண்டு, ஒரு சுரம் மட்டும் மற்றவற்றை விழுங்கும். சுவரின் நடுப்பகுதியில் சில சுரங்கள் இல்லாமலே போகும். இரண்டுக்கும் இடையில் எங்கோ ஓர் இடத்தில், ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும். அந்த இடத்தில் சப்வூஃபரை வையுங்கள். ஒலி போகும் பாதை இரு பக்கமும் ஒன்றுதான் என்பதால், அங்கிருந்து வருவது சோஃபாவில் உட்கார்ந்தாலும் அப்படியே கேட்கும்.

பார்க்க ஒரு மாதிரி இருக்கிறதே என்று இதைத் தவிர்த்துவிடாதீர்கள். இந்த அரை மணி நேரம் தருகிற பலனை அப்புறம் எந்தச் செட்டிங்கும் தராது.

ஒயர் மாட்டுதல்

ரிசீவர், சப்வூஃபர் இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஆரம்பியுங்கள். சாதாரண அறைக்கு 16 கேஜ் ஒயர் போதும். தூரம் அதிகமென்றால் 14 கேஜ். கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமனாகும்.

ஒயர் நுனியை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகச் சீவி, செப்பு இழைகளை விரலால் ஒரே பக்கமாக இறுக்கி முறுக்குங்கள். மாட்டியபின் மொபைல் லைட்டை அடித்துப் பாருங்கள். முடி மாதிரி ஒரே ஒரு இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டாலும் ஷார்ட் ஆகும். ரிசீவர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும், சில சமயம் பழுதே ஆகிவிடும்.

சிவப்பு முனைக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. சின்ன விஷயம் மாதிரி தெரியும். எங்கள் வீட்டு முதல் செட்டில் வலது ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் மாறிப்போயிருந்தது. ஒயரில் நிற அடையாளம் இல்லை, ஓரத்தில் மெல்லிய வரி மட்டும்தான். விளக்கு வெளிச்சத்தில் அது கண்ணில் படவில்லை. பாட்டு போட்டால் பாடகர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது. குரல் இரண்டு காதையும் தனித்தனியே பிடித்து இழுப்பது போலிருக்கும், பேஸும் மெலிந்து போயிருந்தது. ஸ்பீக்கர்தான் சரியில்லை என்று பல மாதம் நினைத்திருந்தேன். ஒருநாள் ஒயரை மாற்றிச் செருகிய நொடியில் பாடகர் டிவிக்கு நேர் நடுவில் வந்து நின்றார்.

நீங்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். ரிசீவரை ஸ்டீரியோவில் வைத்து, ஒருவர் மட்டும் பாடும் பாட்டைப் போடுங்கள். குரல் இடது, வலது ஸ்பீக்கர்களுக்கு நடுவே, ஒன்றுமே இல்லாத வெளியிலிருந்து வர வேண்டும். அப்படி வரவில்லையென்றால் ஒரு பக்க ஒயர் மாறியிருக்கிறது. சுவருக்குள் போகும் ஒயரில் எது பிளஸ் என்று தெரியாவிட்டால், ரிசீவர் பக்க முனைகளைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியில் ஒரு கணம் மட்டும் தொட்டு எடுங்கள். ஸ்பீக்கர் கூம்பு வெளிப்பக்கமாகத் துள்ளினால், பேட்டரியின் பிளஸ்ஸைத் தொட்ட முனைதான் பிளஸ்.

டிவி என்ன அனுப்புகிறது?

எல்லாம் சரியாக மாட்டியும் சரவுண்டில் சத்தமே வராத வீடுகளில் பெரும்பாலும் குற்றவாளி டிவியின் ஆடியோ செட்டிங்தான். அங்கே ‘பிசிஎம்’ என்று இருந்தால் பல டிவிக்கள் இரண்டு தடத்தை மட்டுமே அனுப்பும். ‘பிட்ஸ்ட்ரீம்’ அல்லது ‘பாஸ் த்ரூ’ என்று மாற்றுங்கள். எச்டிஎம்ஐ ஒயரை டிவியில் ‘ஆர்க்’ அல்லது ‘இ-ஆர்க்’ என்று எழுதிய துளையில்தான் செருக வேண்டும். மற்றவற்றில் செருகினால் டிவியின் ஒலி ரிசீவருக்குத் திரும்பி வராது. படம் ஓடும்போது ரிசீவரின் திரையில் டால்பி என்றோ டிடிஎஸ் என்றோ வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மைக் வைத்து அளப்பது

ரிசீவரோடு வந்த மைக்கை வெளியே எடுங்கள். ஆடிஸி, டிராக், யமஹாவின் ஒய்பிஏஓ என்று இந்த அளவெடுக்கும் வசதிக்குக் கம்பெனிக்கு ஒரு பெயர் இருந்தாலும் செய்வது ஒரே வேலைதான். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சோதனை ஒலியை எழுப்பி, அது வந்து சேரும் நேரம், அளவு, அறை அதில் செய்யும் மாற்றம் மூன்றையும் கணக்கிடும்.

தொடங்குமுன் சப்வூஃபரின் பின்பக்கம் போங்கள். வால்யூம் பாதி, ஃபேஸ் (மற்ற ஸ்பீக்கர்களோடு சேர்ந்து அசையும் ஒழுங்கு) 0, கிராஸ் ஓவர் (அடி ஒலியைப் பிரிக்கும் எல்லை) குமிழை அதிகபட்சத்துக்குத் திருப்புங்கள். ஒலியை எங்கே பிரிப்பது என்பதை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். இரண்டு இடத்தில் வடிகட்ட வேண்டியதில்லை.

ஃபேன், ஏசி எல்லாவற்றையும் அணையுங்கள். மைக்கைக் கேமரா ஸ்டாண்டில் மாட்டி, சரியாகக் காது உயரத்தில், தலை இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். சோஃபாவின் மேல் அப்படியே வைக்காதீர்கள், கையிலும் பிடிக்காதீர்கள். மெத்தை ஒலியை உறிஞ்சும், சாய்மானம் திருப்பி அனுப்பும். சாய்மானம் உயரமாக இருந்தால் மைக்கை அதிலிருந்து ஒரு சாண் முன்னால் தள்ளி நிறுத்துங்கள். முதல் அளவு உங்கள் முக்கிய இருக்கையில். தூரமும் அளவும் பெரும்பாலும் இந்த முதல் இடத்தை வைத்தே முடிவாகின்றன. அடுத்தடுத்த இடங்களை அதைச் சுற்றி அரை மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அறையின் மூலைக்கு மூலை போய் அளந்தால் எல்லோருக்கும் சுமாராகவும் யாருக்கும் நன்றாக இல்லாமலும் முடியும்.

மெஷின் சொன்னதைச் சரிபாருங்கள்

அளந்து முடிந்ததும் ‘சேவ்’ கொடுத்துவிட்டு எழுந்துபோய்விடாதீர்கள். மெனுவில் நான்கு எண்களைப் பார்க்க வேண்டும்.

தூரம்: ஒலி ஒரு மீட்டரைக் கடக்கச் சுமார் 3 மில்லி நொடி ஆகிறது. காதுக்குக் கிட்டே இருக்கும் ஸ்பீக்கரை அந்த அளவுக்குத் தாமதப்படுத்தி, எல்லா ஒலியும் ஒன்றாக வந்து சேரும்படி ரிசீவர் பார்த்துக்கொள்கிறது. இஞ்ச் டேப்பால் அளந்து ஒப்பிடுங்கள். ஏதாவது ஒன்றில் அரை மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபடி அளக்கவும். சப்வூஃபர் மட்டும் விதிவிலக்கு. அதற்குள் இருக்கும் மின்னணுப் பகுதி தாமதம் உண்டாக்குவதால், இருக்கும் தூரத்தைவிட அதிகமாகக் காட்டும். அதை மாற்றாதீர்கள்.

ஸ்பீக்கர் அளவு: ‘லார்ஜ்’ என்று இருந்தால் ‘ஸ்மால்’ ஆக்குங்கள். பெட்டி பெரிதா சிறிதா என்பதை அது குறிக்கவில்லை. அடி ஒலியைச் சப்வூஃபருக்கு அனுப்பவா என்று கேட்கிறது, அவ்வளவுதான். அனுப்பச் சொல்லுங்கள். கனமான வேலை கையை விட்டுப் போனால் மற்ற ஸ்பீக்கர்கள் தெளிவாகப் பேசும்.

கிராஸ் ஓவர்: பெரும்பாலான அமைப்புகளுக்கு 80 ஹெர்ட்ஸ். திரையரங்கு, ஹோம் தியேட்டர் ஒலிக்கான டிஎச்எக்ஸ் தரமும் இதைத்தான் சொல்கிறது. மிகச் சின்ன ஸ்பீக்கர்களுக்கு 100, 120 என்று ரிசீவரே காட்டியிருக்கும். காட்டிய எண்ணைக் கூட்டலாம், குறைக்கக் கூடாது. குறைத்தால் அந்த ஸ்பீக்கரால் முடியாத ஒலியை அதன் தலையில் கட்டுகிறோம்.

அளவு: ரிசீவரின் டெஸ்ட் டோனைப் போட்டு, ஒலி அளக்கும் மீட்டரால் ஒவ்வொரு ஸ்பீக்கரும் 75 டெஸிபல் காட்டுகிறதா என்று பாருங்கள். மீட்டரில் ‘சி’ வெயிட்டிங், ‘ஸ்லோ’ என்று தேர்ந்தெடுங்கள். மொபைல் ஆப்பும் போதும். அது காட்டும் எண் கொஞ்சம் பிசகலாம், ஆனால் நமக்கு வேண்டியது ஐந்தும் ஒரே அளவாக இருப்பதுதான். சப்வூஃபருக்கு மட்டும் ஆப்பை நம்ப வேண்டாம். மொபைல் மைக்கால் அடி ஒலியைச் சரியாகப் பிடிக்க முடியாது. மெனுவில் சப்வூஃபர் அளவு மைனஸ் பக்கம் கடைசி எண்ணில் போய் முட்டிக்கொண்டிருந்தால், அதன் பின்பக்க வால்யூம் அதிகம் என்று பொருள். அதைக் கொஞ்சம் குறைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

காதுக்கு ஏற்ற திருத்தங்கள்

ஒரு வாரம் எதையும் தொடாமல் படம் பாருங்கள். சரவுண்டில் சத்தம் குறைவு என்று முதலில் தோன்றும். கூட்டத்தான் கை போகும். வேண்டாம். மழைக் காட்சியில் சத்தம் உங்களைச் சூழ்ந்திருக்கிறதா, ஆனால் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று காதுக்குத் தெரியாமல் இருக்கிறதா? அப்படியென்றால் அளவு சரி.

பேச்சு இன்னும் தெளிவாக வேண்டுமானால் நடு ஸ்பீக்கரை மட்டும் 1 அல்லது 2 டெஸிபல் கூட்டலாம். அதற்கு மேல் போனால் குரல் படத்திலிருந்து பிய்ந்து தனியாக நிற்கும். அதற்கு முன்னால் கண்ணாடியை எடுங்கள். நீங்கள் சோஃபாவில் உட்கார்ந்திருக்க, உதவியாளர் அதைப் பக்கச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே போகட்டும். கண்ணாடியில் முன் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ, ஒலி அந்த இடத்தில் பட்டுத்தான் உங்களிடம் இரண்டாவது முறை வருகிறது. அங்கே கனமான திரைச்சீலையோ புத்தக அலமாரியோ இருந்தால் பேச்சு எவ்வளவோ தெளியும். முன்னால் வெறும் தரையாக இருந்தால் தடிமனான விரிப்பு ஒன்றைப் போடுங்கள்.

சப்வூஃபரின் ஃபேஸையும் ஒருமுறை சோதியுங்கள். நீங்கள் உட்கார்ந்து கேட்க, உதவியாளர் 0, 180 என்று மாற்றட்டும். எதில் பேஸ் நிறைவாக இருக்கிறதோ அதில் விடுங்கள்.

இரவில் பார்ப்பவர்களுக்கு ஒன்று. ரிசீவரில் வால்யூம் 0 என்பது படத்தைத் தயாரித்தவர்கள் ஒலி சேர்க்கும் கூடத்தில் வைத்துக் கேட்ட அளவு. அதில் ஒரு ஸ்பீக்கரின் உச்சமே 105 டெஸிபல். வீட்டில் அவ்வளவு தேவைப்படாது, மைனஸ் 20 பக்கத்தில்தான் பலரும் கேட்கிறார்கள். இன்னும் குறைத்தால் மெல்லிய பேச்சு அமுங்கிப்போகும். அப்போது ‘நைட் மோட்’ அல்லது ‘டைனமிக் ரேஞ்ச்’ என்று இருப்பதைப் போடுங்கள். மெல்லியதைத் தூக்கி, உரத்ததை அடக்கித் தரும். உதடு அசைவும் குரலும் ஒட்டவில்லை என்றால் ‘லிப் சிங்க்’ செட்டிங்கில் 10, 10 மில்லி நொடியாக மாற்றிப் பாருங்கள்.

எல்லாம் பிடித்துப்போனதும் தூரம், அளவு, கிராஸ் ஓவர் பக்கங்களை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாராவது ரீசெட் செய்துவிட்டாலும் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். சோஃபாவின் கால்கள் நிற்கும் இடத்தில் தரையில் சின்னதாக டேப் ஒட்டிவிடுங்கள். பெருக்கும்போது நகர்த்தினாலும் அதே இடத்துக்குத் திரும்பி வரும். சோஃபாவையே வேறு பக்கம் மாற்றினால் மட்டும் நூலையும் மைக்கையும் மறுபடி வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.